பிள்ளைத்தாச்சி டப்பா

ஒசோர்னோ
9 மே 1993

அன்புள்ள தங்கை ஒதிலியாவுக்கு,

இங்கே மழையும் நானும் வழக்கம்போல் இருக்கிறோம். இருவரையும் யாருக்கும் பிடிக்கவில்லை, இருவரும் போவதாகவும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கணவர் நிபால்தோவின் முதுகு இந்தக் குளிரில் என்ன பாடு படுகிறது? வால்பரைசோவில் காற்று தொடங்கியிருக்கும். அவர் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தாரா, அல்லது போன வருஷம் போலக் குன்றெல்லாம் தேடிப் பொறுக்கிக்கொண்டு வருவதாக உத்தேசமா?

விஷயத்துக்கு வருகிறேன். சாந்தியாகோவிலிருந்து ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். நம் கடையையும் மாடி வீட்டையும் சேர்த்து வாங்கி, கடல் தெரிகிற விடுதியாகக் கட்டப் போகிறாராம். ஏப்ரலிலேயே உனக்கு எழுதிவிட்டதாகச் சொல்கிறார். நீ எனக்கு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பரவாயில்லை. இந்தக் குடும்பத்தில் எனக்கு எதுவும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

அப்பா உயில் எழுதாமல் போனதால் அந்த இடம் நமக்குச் சரிபாதி. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். என் கையெழுத்து தயார். உன்னுடையது மட்டும் வேண்டும்.

உனக்கு அந்தக் கடைமேல் பாசம் இருக்கலாம். எனக்கு இருக்க வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. கப்பலிலிருந்து இறக்கும்போது விழுந்து அடிபட்ட டப்பாக்களை ஏலத்தில் எடுத்து, ஒடுக்கு விழுந்த பக்கத்தைச் சுவரைப் பார்த்து அடுக்கி, குறைந்த விலைக்கு விற்று அப்பா நம்மை வளர்த்தார். சரி. ஆனால் 'ஒடுக்குக் கடைப் பையன்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். நான் பத்து வரி பேசி முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தகர டப்பாவைத் தட்டுவான். வகுப்பே சிரிக்கும்.

எனக்கு ஒன்பது வயதில் விழுந்த அறை உனக்கு நினைவிருக்கிறதா? உள்ளே கெட்டு, வயிறு உப்பிய டப்பாவுக்கு அப்பா வைத்த பெயர் 'பிள்ளைத்தாச்சி'. அதை விற்கவே மாட்டார். பின்பக்கம் பள்ளத்துக்குக் கொண்டுபோய் ஆணியால் குத்துவார், நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். அந்தப் பேச்செல்லாம் வீட்டுக்குள் நம் மூவரோடு சரி, கடையில் அந்தச் சொல் வாயில் வரக் கூடாது என்பது அவர் சட்டம். நான் ஒரு சனிக்கிழமை ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, கையில் ஒரு மீன் டப்பாவோடு வந்து, "அப்பா, இதுவும் பிள்ளைத்தாச்சியா?" என்று கேட்டுவிட்டேன். குன்றே பார்க்க அறைந்தார். நீ கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். தின்று முடித்த பிறகுதான் அழ ஆரம்பித்தாய். அதுவும் பிஸ்கட் தீர்ந்துவிட்டதே என்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

உடனே பதில் எழுது. குளிரில் வெறுங்காலோடு கடைக்கு இறங்காதே.

அண்ணன்,
எலியோதோரோ


வால்பரைசோ
6 ஜூன் 1993

அன்புள்ள தோரோ அண்ணாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே கூரையும் நாங்களும் இருந்த இடத்தில் இருக்கிறோம். போன வாரம் அடித்த காற்றில் கீழ்த் தெருவில் இரண்டு வீடுகளின் தகரம் போனது, நம்முடையது போகவில்லை. நிபால்தோ ஆணி அடித்தார். அடித்துவிட்டு மூன்று நாள் படுத்திருந்தார். அந்த முதுகு அப்படித்தான், ஒரு வேலைக்கு ஒரு ஓய்வு. உன் இருமல் நின்றதா? தேன் கலந்து குடிக்கிறாயா, அல்லது அதற்கும் யார்மேலாவது கோபமா?

அண்ணா, உன் கடிதம் எப்போதும் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சடித்த தாளில் வரும். இந்த முறை கோடு போட்ட வெறும் தாளில் எழுதியிருந்தாய். அங்கே எல்லாம் சரிதானே?

சாந்தியாகோக்காரர் எனக்கு எழுதியது உண்மை. மாட்டேன் என்று எழுதிவிட்டதால் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டேன். அது தப்பு, சொல்லியிருக்க வேண்டும்.

கடை முன்னைப் போல் இல்லை. துறைமுகத்தில் இப்போது எதுவும் கீழே விழுவதில்லை. எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வருகிறது, பூட்டியபடியே லாரியில் போகிறது. ஏலக் கிடங்குக்குப் போய்விட்டு நிபால்தோ வெறுங்கையோடு வருகிறார். "அவ்ளோ பெரிய துறைமுகத்துல கை தவறிக் கீழ போடறதுக்கு ஒரு நல்ல மனுஷன் இல்லாம போயிட்டானே" என்று நேற்றுப் புலம்பினார். அதனால் இப்போது ஆலைகளில் கழித்துவிட்டதை வாங்கி விற்கிறோம். சீட்டு கோணலாக ஒட்டிய பீச் பழ டப்பா, நிறம் மங்கிய பட்டாணி, அப்படி. ஓடுகிறது. ஓடுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

விற்றால் எங்கள் பாதியை வைத்துக்கொண்டு இந்தக் குன்றில் ஒரு சமையலறைகூட வாங்க முடியாது. ஊருக்கு வெளியே, எங்களை யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். அங்கே இந்த முதுகை வைத்துக்கொண்டு இவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கடை இருக்கிறவரைதான் எங்களுக்கு வீடு. அதனால்தான் மாட்டேன் என்றேன், அண்ணா. உனக்கு எதிராக அல்ல.

சீமை மாதுளை அல்வா ஒரு கட்டி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட அறை நினைவிருக்கிறது. பிஸ்கட் நினைவில்லை.

உன் தங்கை,
ஒதிலியா


ஒசோர்னோ
27 ஜூன் 1993

அன்புள்ள ஒதிலியா,

அல்வா வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. நம் குடும்பத்திலிருந்து எதுவும் நசுங்காமல் வெளியேறாது போலும். நான் சுகம். இருமலும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தாளைப் பற்றி விசாரித்திருந்தாய். தாள் தாள்தான்.

'உனக்கு எதிராக அல்ல' என்று எழுதியிருக்கிறாய். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். என்னைப் பதினான்கு வயதில் விடுதிக்கு அனுப்பியபோதும் அதைத்தான் சொன்னார். படிப்பின்மேல் இருந்த ஆசையால் அனுப்பினார் என்று நீ இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் தராசுக்குப் பின்னால் நிற்க லாயக்கில்லை என்பதால் அனுப்பினார். பிறகு கடையை நடத்த யாருக்குக் கொடுத்தார்? உனக்கும், அதுவரை மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்த உன் புருஷனுக்கும். அப்பா இறந்தபோது நான் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தேன். சவப்பெட்டிமேல் இருந்த மலர் வளையத்தில் 'ஒதிலியா, நிபால்தோ' என்று எழுதியிருந்தது. பூக்காரரிடம் என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டதாகச் சொன்னாய். மறதி எப்போதும் ஒரே திசையில்தான் வீசுகிறது.

வாங்குபவர் ஆகஸ்டு முடியும்வரை காத்திருப்பாராம். உன் கடை ஓடுகிறதா நொண்டுகிறதா என்பது என் கவலையில்லை. என் பாதி ஒரு டப்பாக் கிடங்காக முடங்கிக் கிடப்பதுதான் என் கவலை. வக்கீலிடம் போனால் வழி இருக்கிறது. தங்கை என்று பார்க்கிறேன்.

நிபால்தோவின் முதுகுக்குச் சூடான செங்கல் ஒத்தடம் நல்லது.

அண்ணன்,
எலியோதோரோ


வால்பரைசோ
25 ஜூலை 1993

அன்புள்ள தோரோ அண்ணாவுக்கு,

செங்கல் ஒத்தடம் கொடுத்தேன். முதுகுக்குக் கொஞ்சம் தேவலை, செங்கல்தான் உடைந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. நீ சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது.

மலர் வளையத்துக்கு நான் அன்றே மன்னிப்புக் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். வக்கீலிடம் போவது உன் இஷ்டம். ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்றுதான் கேட்கிறேன். அதற்குள் இவருக்குப் படகுத்துறையில் காவல் வேலை கிடைக்கும் என்கிறார்கள். அது கிடைத்த மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன்.

இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் சிரி. படிக்கட்டு ஓரத்து வீட்டு க்ளோதோமிராவை உனக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து நம் கடையில்தான் வாங்குகிறார். போன வியாழக்கிழமை ஒரு மீன் டப்பாவை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒதிலியா, இதுல ஒடுக்கு எங்க?"

"ஒடுக்கு இல்லக்கா. ஆலையிலேர்ந்து வந்தது. சீட்டுதான் கோணல்."

"ஒடுக்கும் இல்ல, விலையும் கம்மின்னா உள்ளதான் ஏதோ கோளாறு. ஒடுக்கு இல்லாத டப்பா வாங்கறதுக்கு நான் எதுக்கு உங்கிட்ட வரணும், கீழ பெரிய கடைக்குப் போக மாட்டேனா?"

நிபால்தோ எழுந்து வந்து, அந்த டப்பாவை வாங்கி மேசை விளிம்பில் நச்சென்று ஒரு இடி இடித்து அவர் கையில் கொடுத்தார். "இந்தாங்க. உங்களுக்குன்னே செஞ்ச ஒடுக்கு." கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். க்ளோதோமிராவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பாத்தா பிச்சைக்காரி மாதிரி இருக்கா உனக்கு? இருக்கட்டும். இந்தக் கடைய ஒரு நாள் யாராவது வந்து கேப்பாங்க" என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வரவில்லை.

இன்னொரு விஷயம். கோபித்துக்கொள்ளாதே. உன் பழைய அறையில் அடுக்கியிருந்த பெட்டிகளில் பாதியைக் கீழே இறக்கிவிட்டோம். ஜன்னல் இப்போது திறக்கிறது, கடல் தெரிகிறது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி சுதந்திரப் பண்டிகைக்கு வா. வந்தால் பண்டிகையோடு போக வேண்டும் என்றும் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. எங்களுக்குக் காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உன் தங்கை,
ஒதிலியா


ஒசோர்னோ
5 ஆகஸ்டு 1993

ஒதிலியாவுக்கு,

சுகம். சாப்பிடுகிறேன்.

மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை அடுக்கி வைக்கலாம் என்று நினைத்ததற்கு நன்றி. சீட்டு கோணலாக ஒட்டியவர்களையும் உன் கடையில் எடுத்துக்கொள்வது எனக்குத் தெரியாது. நான் யாருடைய தயவிலும் இருக்கும் நிலையில் இல்லை.

ஒரு வருஷம் என்கிறாய். பிறகு இன்னொரு வருஷம் என்பாய். உன்னிடம் இனி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. உன் பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்னதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கடையையும் ஒரு நாள் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எலியோதோரோ


வால்பரைசோ
31 ஆகஸ்டு 1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் சுகம் கேட்டு எழுத இந்த முறை கை ஓடவில்லை, மன்னித்துக்கொள். கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்தார். சின்ன வயது, நல்ல ஜலதோஷம், பேசுவதற்குள் நாலு தடவை மூக்கைத் துடைத்தார். கெட்டுப்போன டப்பா விற்பதாக யாரோ போனில் புகார் சொன்னார்களாம். "மன்னிக்கணும்மா, போன் வந்தா நாங்க வந்தே ஆகணும்" என்றார். அலமாரி அலமாரியாகப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ரகத்திலும் சிலவற்றைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை திறக்கக் கூடாது என்று கதவில் பட்டை ஒட்டிவிட்டுப் போனார். குன்று முழுக்கப் படிக்கட்டில் நின்று பார்த்தது. வருகிறது பண்டிகை. வருஷத்தில் அந்த இரண்டு வாரம்தான் எங்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும், உனக்குத் தெரியும்.

போன் செய்தது க்ளோதோமிராதான் என்று நிபால்தோ முடிவே கட்டிவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு போனதையும் போகும்போது சொன்னதையும் எல்லோரும் கேட்டார்கள் அல்லவா. நேற்று ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறி வந்தவரை மறித்து, "என் வயித்துல அடிச்சிட்டியே, சந்தோஷமா?" என்று கத்திவிட்டார். அந்த அம்மா ரொட்டிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நான் இல்லப்பா. நான் ஏன்ப்பா செய்யப் போறேன்" என்றார். யாரும் நம்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவரிடம் ஒருவரும் பேசுவதில்லை.

அண்ணா, நமக்குள் என்ன இருந்தாலும் இருக்கட்டும். நீ படித்தவன். பண்டிகைக்கு முன்னால் சோதனையை முடிக்கும்படி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடு. எனக்கு அந்த பாஷை வராது. உன்னை விட்டால் எனக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

உன் தங்கை,
ஒதிலியா


ஒசோர்னோ
12 செப்டம்பர் 1993

அன்புள்ள ஒதிலியா,

செய்தி அறிந்து வருந்தினேன். நீ மனம் தளர்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே மழை விட்டிருக்கிறது, எனக்கு இருமல் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

மனு இத்துடன் இருக்கிறது. சுத்தமாகப் படியெடுத்து, கையெழுத்திட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடு. அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் சாப்பிட்டு எவருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வந்ததில்லை என்பதை இரண்டாம் பத்தியில் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

க்ளோதோமிராவைப் பற்றி. நேரில் பார்க்காமல் ஒருவரைக் குற்றம் சொல்வது என் வழக்கமில்லை. ஆனால் நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் நிபால்தோ சொல்வதில் பொருத்தம் இல்லாமலில்லை. சிறு வயதிலேயே அந்தப் பெண்ணின் பார்வை எனக்குப் பிடித்ததில்லை. எதற்கும் விலகியே இருங்கள்.

ஒரு தடவை சீல் விழுந்த கடைக்கு மறுபடி பழைய பெயர் வருவது கடினம் என்பதையும் யோசித்துக்கொள். வாங்குபவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

அன்புடன்,
அண்ணன் எலியோதோரோ


வால்பரைசோ
10 அக்டோபர் 1993

அண்ணாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம்.

உன் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாக எழுதியிருப்பதாக அலுவலகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். ஆனாலும் சோதனை பண்டிகைக்குப் பிறகுதான் முடிந்தது. எடுத்துப்போன ஒரு டப்பாவிலும் குறையில்லை. போன திங்கட்கிழமை அந்த இன்ஸ்பெக்டரே வந்து பட்டையைக் கிழித்தார். ஜலதோஷம் போய்விட்டது, முகம் தெளிவாக இருந்தார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். கடையில் நிபால்தோவும், திறந்துவிட்டோம் என்று கேள்விப்பட்டு வந்த நாலைந்து பெண்களும் இருந்தார்கள். க்ளோதோமிராவும் வந்து வாசலில், உள்ளே வராமல், நின்றார்.

டீ குடித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அம்மா, இப்பவாவது சொல்லுங்க. அந்தப் பிள்ளைத்தாச்சிங்கள எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார். "போன் பண்ண ஆளு அப்படித்தாம்மா சொன்னாரு. பெரிய படிப்பாளி மாதிரி ரொம்ப மரியாதையாத்தான் பேசிட்டு வந்தாரு. 'அங்க பிள்ளைத்தாச்சி டப்பா விக்கறாங்க'ன்னாரு. போனை எடுத்த பொண்ணுக்குச் சிரிப்பு தாங்கல. எங்க ஆபீஸ்ல இன்னும் அதான் பேச்சு."

பெண்கள் சிரித்தார்கள். நிபால்தோ என்னைப் பார்த்து, "அது என்ன, பிள்ளைத்தாச்சி டப்பா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் இந்தக் கடையில் இருந்தும் அவருக்கு அந்தச் சொல் தெரியாது. அப்பா போன பிறகு நான் அதைச் சொன்னதே இல்லை.

இன்ஸ்பெக்டர் போன பிறகு நானும் நிபால்தோவும் க்ளோதோமிரா வீட்டுக்குப் போனோம். போன் செய்தது ஆண்பிள்ளை என்று அவர் காதாலேயே கேட்டுவிட்டார், எங்கள் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கலாம், இருந்தும் எங்களை உள்ளே கூப்பிட்டார். நிபால்தோவால் குனிய முடியாது, ஆனாலும் குனிந்தார். அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பதினெட்டாம் தேதி சுட்டு வெச்ச எம்பனாதா பலகாரமெல்லாம் அப்படியே கிடந்துச்சு, ஒதிலியா. ஒருத்தர் வாசப்படி ஏறல."

கடை திறந்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல் குன்று முழுக்க இறங்கிவிட்டது. வருகிறவர்கள் டப்பாவை எடுத்து, வயிற்றைத் தடவி, "எத்தனை மாசம்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒடுக்கைப் பார்த்து பயப்படாதவர்கள் இந்தச் சிரிப்புக்கு பயப்படுகிறார்கள். அப்பா கடையில் ஏன் அந்தச் சொல்லைப் பேச விடவில்லை என்பது இப்போது புரிகிறது.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

ஒதிலியா


ஒசோர்னோ
21 நவம்பர் 1993

என் அன்புத் தங்கை ஒதிலியாவுக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை என்று கோபமா? இருமல் ஒருபுறம், இங்கே சில வேலைகள் ஒருபுறம். நீயும் நிபால்தோவும் நலமா? கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்குப் பூ வைத்தாயா? என் சார்பிலும் வெள்ளைக் கார்னேஷன் ஒரு கொத்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். எப்போதும் வைப்பாயே.

உன் கடிதத்தை ஆறேழு முறை படித்தேன். அந்த இன்ஸ்பெக்டர் சொன்னதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா துறைமுகத்தில் எத்தனை பேரோடு பழகியவர். சுமைக்காரர்களிடமும் ஏலக்காரர்களிடமும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டாரா? துறைமுகத்தில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும். மரியாதையாகப் பேசினான் என்றால், இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் மரியாதையாகப் பேசுகிறார்கள். நீ யாரையும் சொல்லவில்லைதான். நீ சொன்னதாக நானும் சொல்லவில்லை. பொதுவாக எழுதுகிறேன்.

விற்பனையைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வாங்குபவருக்கு வேண்டாம் என்று எழுதிவிடலாம். நீ கடையை நடத்து. ஒரு வருஷம் அல்ல, எத்தனை வருஷம் வேண்டுமானாலும். சிரிக்கிறவர்கள் சிரித்து ஓய்வார்கள். குன்றுக்கு மறதி அதிகம்.

தாளைப் பற்றி ஜூனில் கேட்டிருந்தாய். பள்ளியின் தாள் இப்போது என்னிடம் இல்லை. மார்ச் மாதமே என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் எனக்கு எதிராக ஒரு கூட்டம் இருந்தது, நேரில் சொல்கிறேன்.

அந்த அறை இன்னும் காலியாக இருக்கிறதா? ஜன்னல் திறக்கிறது என்று எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று யோசிக்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்
உன் அண்ணன்,
தோரோ


வால்பரைசோ
19 டிசம்பர் 1993

திரு. எலியோதோரோ அரனெதா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

விற்பதற்கான என் சம்மதத்தை நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் மே மாதம் கேட்டது. சாந்தியாகோக்காரருக்கு இன்னும் அந்த இடம் வேண்டுமாம், ஜனவரியில் சாவி கேட்கிறார். உங்கள் பாதியை அவரே நேராக உங்களுக்கு அனுப்புவார். என் வழியாக வராது.

கடையைச் சனிக்கிழமையோடு மூடிவிட்டோம். படகுத்துறை வேலை வரவில்லை. க்ளோதோமிரா தன் வீட்டின் கீழறையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். இந்தக் குன்றிலேயே இருக்கிறோம். வீட்டு எண் உங்களுக்குத் தேவைப்படாது என்பதால் எழுதவில்லை.

நவம்பர் முதல் தேதி கல்லறைக்குப் போனோம். ஒரே கொத்துதான் வைத்தோம்.

கடைசி நாள் மேல் அறையில் மிச்சமிருந்த பெட்டிகளை இறக்கும்போது, ஜன்னலுக்குக் கீழே அடிப்பெட்டியில் ஒரு பீச் பழ டப்பா இருந்தது. எவ்வளவு காலமாக அங்கே கிடந்ததோ, இரண்டு பக்கமும் நன்றாக உப்பியிருந்தது. நிபால்தோ அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "இதுதானா அது?" என்று கேட்டார். கடை நிறைய ஆட்கள். மிச்சத்தை வாங்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நான் மேசைக்குப் பின்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமா. இதுதான் பிள்ளைத்தாச்சி" என்றேன். யாரும் அறையவில்லை.

எல்லோருமாகப் பின்பக்கம் பள்ளத்துக்குப் போனோம். நிபால்தோ ஆணியை வைத்து அடித்தார். நாற்றம் மேல் தெருவரை போனது. க்ளோதோமிரா மூக்கில் சால்வை நுனியை வைத்துக்கொண்டு, "சுகப்பிரசவம்" என்றார். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீல் வைத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

படியேறித் திரும்பி வரும்போது க்ளோதோமிரா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "போன் பண்ணது யாருன்னு உனக்குத் தெரியுமில்ல, ஒதிலியா?"

"யாரோ வெளியூர்க்காரர்" என்றேன்.

ஒதிலியா அரனெதா